கருப்பாயி கொடுத்த சாயத்தண்ணி

போர்ட் பிளேயரின் மின்னி பேயில் கருப்பாயி வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையில் சாயத்தண்ணி வந்துவிடும். பால் விடாத தேநீருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவனுக்கும் அதுதான், ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கும் அதுதான். கறுத்துச் சிவந்து, வாயில் வைத்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டே உறிஞ்ச வேண்டும். பால் வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் அவள் முகம் போகிற போக்கே வேறு.

"பாலு வேணும்னா பசுகிட்டப் போ. இங்க தேத்தண்ணிதான்."

இலங்கையில் மலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, சின்னப் பெண்ணாக அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத தீவு. இருந்தாலும் அந்தக் குடும்பங்கள் சாயத்தை விடவில்லை. விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகும் முன் சாயம், ரொட்டியோடு சாயம், சோறு தின்ற கையோடு சாயம். காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் போவது சாயம்தான். கறி இல்லாத வீடு உண்டு, சாயம் இல்லாத வீடு கிடையாது.

கடல் ஊருக்குள் வந்த வருசம் கச்சாலில் வீடும் போனது, புருசன் ஐயாவுவும் போனான். மிஞ்சியது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் பிரேம் மட்டும். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேயர் வந்தவள், லாட்ஜில் அறை கூட்டிப் பெருக்கி அவனை ஆளாக்கினாள். பிரேம் இப்போது தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் கலாசி, தளத்து வேலையாள். மாதத்தில் பாதி நாள் கடலில்தான் கிடப்பான். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் ஷோபா, மரைன் ஹில்லைச் சேர்ந்தவள். ஜெயில் காலத்திலிருந்தே தீவில் இருக்கும் குடும்பம். ஷோபாவுக்குக் கோபம் வந்தால் இந்திதான் முதலில் வரும், தமிழ் பின்னால் தேடிக்கொண்டு வரும். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பால் டீ. கல்யாணமாகி வந்த முதல் நாள் சாயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "அரே, இது என்ன அத்தை, தவாயியா?" என்று கேட்டாள். மருந்தா என்று கேட்கிறாள். கருப்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா தாயி, எங்க சாதிக்கு இதான் மருந்து." அன்று முதல் ஷோபா அத்தைக்காகச் சாயம் குடிக்கப் பழகினாள். வந்த இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பெண் அவள்.

போன வருச மழையில் ஷோபாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிறக்க வேண்டிய காலத்துக்கு வெகு முன்னாலேயே பிறந்தது. பெண். உள்ளங்கை அகலம் முதுகு. பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தது, பிறகு நிறுத்திக்கொண்டது. பிரேமின் கப்பல் அப்போது கேம்பல் பேயில் நின்றது. அவன் வந்து சேர்ந்தபோது குழியில் மண் காய்ந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: உடம்பில் ரத்தம் மிகவும் குறைவு, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே குறைந்திருக்க வேண்டும், பிள்ளை சிறுத்ததற்கும் முந்திக்கொண்டதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்றரை வருசமாவது இடைவெளி வேண்டும், அதற்குள் ரத்தம் ஏற வேண்டும். அதையே மின்னி பே சப்-சென்டரின் நர்ஸ் தமிழரசி வீட்டுக்கு வந்தும் சொன்னாள். கருப்பாயிக்கு அது காதில் ஏறவில்லை.

"ஒன்றர வருசமா? நாங்கல்லாம் காலண்டரப் பாத்தா பெத்தோம் சிஸ்டரு? வெறும் மடி ஆறிப்போகக் கூடாது. சூடு இருக்கும்போதே அடுத்தது வந்தாத்தான் போனது மறக்கும்."

"மறக்கறதுக்காகப் பெத்துக்கறதில்லம்மா. இப்ப உடனே தங்கினா இந்த உடம்பு தாங்காது. மறுபடி இதே மாதிரி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க? முதல்ல ரத்தம் பதினொண்ணு வரட்டும். அது வரட்டும், அப்புறம் பேசுவோம்."

"இப்ப எவ்வளவு?"

"எட்டு. அதுக்கு மேல கொஞ்சூண்டு."

எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் என்ன பெரிய தூரம் என்று கருப்பாயிக்குத் தோன்றியது. ரப்பர் மரத்தில் பால் எடுத்தவளுக்கு ஒரு உடம்பில் ரத்தம் ஏற்றத் தெரியாதா? அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம் என்று கையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சப்-சென்டரில் கொடுத்த சிவப்பு மாத்திரை. அதை ஷோபாவிடம் விட அவளுக்கு மனமில்லை. டப்பா சாமி மாடத்தில் முனியாண்டி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மதியம் ஷோபா சோறு தின்று கை கழுவியதும், கருப்பாயி தன் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள்.

முதல் வாரம் மாத்திரை குமட்டியது. ஷோபா வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

"தண்ணி ஊத்தி முழுங்கினா அப்படித்தான் வரும். இந்தா, சூடா சாயத்த ஊத்து. அடங்கிரும்."

அடங்கிவிட்டது. சாயத்தின் துவர்ப்பில் குமட்டல் போன இடம் தெரியவில்லை. இருவருக்கும் சந்தோசம். அதன் பிறகு மாத்திரை என்றால் கூடவே சாயம். கடமை முடிந்த நிம்மதியில் கருப்பாயியும் எதிரில் உட்கார்ந்து தன் பங்கைக் குடிப்பாள். போன பிள்ளையைப் பற்றி இருவரும் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான். சில நாள் பேசாமலும் குடிப்பார்கள்.

பொங்கல் கழிந்து விரலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். எட்டு. வெயில் காலம் வந்ததும் மறுபடி பார்த்தார்கள். அதே எட்டு, அதே கொஞ்சூண்டு.

தமிழரசி ஷோபாவை ஒரு தினுசாகப் பார்த்தாள். "மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்பிடறேன் சிஸ்டர். பக்கா."

"எல்லாரும் பக்கான்னுதான் சொல்றாங்க. அன்னிக்கு ஒரு வீட்டுல கோழிக்கூண்டுக்குப் பின்னாடி மாத்திரையா கொட்டிக் கெடக்கு. கோழிக்கு ரத்தம் நல்லா ஏறியிருக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஷோபாவும் சிரித்துவைத்தாள். கருப்பாயி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோழி அவள் தலைக்குள் கொத்திக்கொண்டே வந்தது. மாத்திரை தன் கையால் கொடுத்தது. ஷோபா வாயில் போட்டதைப் பார்த்தது. விழுங்கினாளா? கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பின்னால் போய்த் துப்பினால் யார் கண்டது?

மறுநாள் மாத்திரை கொடுத்ததும் சொன்னாள். "வாயத் தொற."

ஷோபாவுக்கு முதலில் புரியவில்லை. "மத்லப்?"

"நாக்கத் தூக்கு. பாக்கணும்."

ஷோபா வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். ஷோபா காட்டினாள், ஆனால் சாயம் குடிக்கும் நேரத்தில் பேச்சு நின்றுபோனது. பின்வாசல் மண்ணைக் கருப்பாயி குச்சியால் கிளறிப் பார்த்ததையும் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

பிரேம் லீவில் வந்தான். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா வாசலில் நின்று, "என்ன கருப்பாயி, மருமகளுக்கு ஏதும் விசேசம் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி கருப்பாயியை விடவில்லை. மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைப்போலச் சொன்னாள்:

"புள்ள வேணாங்கிறவ மாத்திரைய எப்படி முழுங்குவா."

பிரேம் கையை எடுக்காமல் தட்டையே பார்த்தான். ஷோபா அடுப்பை அணைத்தாள். கோபம் வந்தால் வரும் இந்திகூட வரவில்லை. லீவு முடிந்து பிரேம் கப்பலேறிய அன்று, ஷோபா பையை எடுத்துக்கொண்டு மரைன் ஹில்லுக்குப் போனாள். "அம்மாவப் பாத்துட்டு வரேன் அத்தை" என்றுதான் சொன்னாள். ஒரு மாதம் தாண்டியும் வரவில்லை.

ஷோபாவைக் காணவில்லையே என்று தமிழரசி வீடு தேடி வந்தாள். கருப்பாயி வழக்கப்படி சாயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

"நான் என்ன சிஸ்டரு கொற வச்சேன்? கீரைய வச்சேன், ஈரல வச்சேன். மாத்திரைய இந்தக் கையாலதான் குடுத்தேன். ஒரு நாள் விட்டதில்ல. அவ என்னமோ தில்லுமுல்லு பண்றா."

"எப்பக் குடுப்பீங்க? வெறும் வயித்துலயா?"

"எனக்குத் தெரியாதா? சோறு தின்னு முடிச்ச ஒடனே. இப்படி ஒக்காருவா. இந்தா மாத்திரை. இந்தா சாயம். மடக்குனு ஊத்திக்குவா. ஒரு தம்ளரு. அப்புறம் எனக்கு ஒரு தம்ளரு."

தமிழரசி உதட்டருகே கொண்டுபோன தம்ளரை மெல்லத் தரையில் வைத்தாள்.

"என்ன, சூடா?"

"தினமும் டீயோடதான் குடுத்தீங்களா?"

"பின்ன? தண்ணின்னா வாந்தி எடுக்குறா."

தமிழரசி தம்ளரைக் கருப்பாயி பக்கம் நகர்த்தினாள். "அம்மா, தேயிலையில ஒரு துவர்ப்பு இருக்குல்ல? அது இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். மாத்திரை வயித்துக்குள்ள போகும், ஆனா ரத்தத்துல சரியாச் சேராது, வெளியில போயிடும். கீரையில இருக்கற சத்துக்கும் அதே கதிதான். சாப்பாட்டுல இருந்து ரெண்டு மணி நேரமாவது தள்ளித்தான் டீ குடிக்கணும். அதுவும் நீங்க போடற சாயம்..."

கருப்பாயி அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தாள். பித்தளைச் சட்டியில் மிச்சச் சாயம் கறுப்பாக நின்றது.

"அப்போ அவ முழுங்கியிருக்கா."

"முழுங்கியிருக்கா."

"நான் குடுத்த சாயந்தான் அதத் தின்னிருக்கு."

"நானும் கேக்கலம்மா. சாப்பிடறியான்னு கேட்டேன். எதோட சாப்பிடறேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும். அதுக்குப் பதிலா கோழிக்கதை சொன்னேன்."

கருப்பாயிக்குக் கச்சால் நினைவுக்கு வந்தது. கச்சாலில் அவளுக்கே இரண்டு பிறந்தன. ஒன்று போன சூட்டிலேயே மற்றொன்று; முதல் வருசம் முடிவதை இரண்டும் பார்க்கவில்லை. அப்போதும் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். அவள் ஆத்தாள் சாயத்தோடு கொடுத்தாள். அதற்குப் பிறகு ஐயாவு லாங் ஐலண்டுக்கு மர வேலைக்குப் போனான். வருசத்துக்கு ஒருமுறை வருவதே அரிது. மூன்று வருசம் அவள் வெறும் மடியோடுதான் கிடந்தாள். உடம்பு தேறியது, முடி மறுபடி அடர்ந்தது. அவன் திரும்பி வந்த பிறகு பிறந்தவன் பிரேம். முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட பலன் என்றுதான் இத்தனை வருசமும் ஊருக்குச் சொல்லி வந்தாள். நடுவில் கிடந்த அந்த மூன்று வருசத்தை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை.

"சிஸ்டரு, கச்சால்ல எனக்கு முன்னாடி ரெண்டு போச்சே. அதுவுமா?"

"அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆயிரம் காரணம் இருக்கலாம்."

"நீ சொல்ல வேணாம்" என்றாள் கருப்பாயி. சட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், குச்சியால் கிளறிய அதே மண்ணில் ஊற்றினாள்.

மறுநாள் மரைன் ஹில் ஏறினாள். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். புளிப்போடு விழுங்கினால் இரும்பு நன்றாக ஒட்டும் என்று தமிழரசி சொல்லியிருந்தாள். பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. கீழே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நின்றது, பிரேமுடையது இல்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கப்பட்ட வாய் அல்ல அது.

ஷோபாவின் அம்மா தங்கம் கதவைத் திறந்தாள். "அந்தர் வாங்க" என்றாள். மரியாதையில் குறை இல்லை, முகத்தில்தான் வெளிச்சமில்லை. "பொண்ணு வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வந்தீங்களா சம்மந்தி?"

"இல்ல. என் வாய்க்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்க வந்தேன்."

தங்கம் உள்ளே போய்ப் பால் டீ கொண்டுவந்தாள். ஏலக்காய் தட்டி, ஆடை மிதக்க, சர்க்கரை தூக்கலாக. ஷோபா உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பாயி தம்ளரை வாங்கினாள். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ஆடையை உதட்டிலிருந்து துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

ஷோபாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "பசுகிட்டப் போய்க் கேட்டீங்களா அத்தை?"

"கேட்டேன் தாயி. பசுவுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சு." பையிலிருந்து பழங்களை எடுத்துத் தரையில் வைத்தாள். தமிழரசி சொன்னதை அப்படியே சொன்னாள். மாத்திரை, சாயம், துவர்ப்பு, கோழி. "நீ ஒழுங்காத்தான் முழுங்கியிருக்க. நாந்தான் ஒரு கையில குடுத்து மறு கையில புடுங்கியிருக்கேன். ஒன்ன வாயத் தொறக்கச் சொன்னேன் பாரு, அது எனக்குத் தொண்டையில நிக்குது. வீட்டுக்கு வா. பதினொண்ணு வரட்டும், பன்னெண்டு வரட்டும். ரெண்டு வருசம் ஆனாலும் ஆகட்டும். ஒச்சம்மா வந்து விசேசங்கேட்டா வெளக்குமாத்தால பதில் சொல்றேன்."

ஷோபா சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தேர் ஹோ கயா அத்தை" என்றாள். பிறகு தமிழைத் தேடி எடுத்தாள். "லேட்டாயிடுச்சு. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

கருப்பாயிக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"அவரு லீவுல வந்தப்ப. நீங்க சாப்பாட்டுல அப்படிச் சொன்னீங்கல்ல. புள்ளய தள்ளிப்போட சிஸ்டர் குடுத்தது எல்லாம் வீட்டுலதான் இருந்துச்சு. அது வேணாம்னு அவருகிட்ட நான்தான் சொன்னேன். நீங்க கேட்டதுதானே அத்தை, குடுத்துடலாம்னு."

இந்தச் சேதிக்காக முனியாண்டிக்குக் கிடா நேர்ந்திருந்தாள் கருப்பாயி. சேதி வந்தால் தெருவுக்கே சர்க்கரை கொடுப்பதாக மனதில் எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்திருந்தாள். இப்போது அது மடியில் வந்து விழுந்தது. எட்டு. அதே எட்டு. அந்த எட்டுக்குள் இன்னொரு உயிர் வந்து உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியும் உள்ளங்கை அகல முதுகும் கண்முன்னே வந்தன. அவள் ஷோபாவின் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்ளே பார்த்தாள். வெளிறிக் கிடந்தது.

"எந்திரி" என்றாள். "இன்னிக்கே சிஸ்டரப் பாக்கணும்."

தங்கமும் சேலை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். மின்னி பேயில் ஆட்டோ திரும்பியபோது, தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒச்சம்மா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "மருமக வந்துட்டாளா? என்ன விசேசம்?"

"வெயிலுதான் விசேசம்" என்றாள் கருப்பாயி. ஆட்டோ போய்விட்டது.

சப்-சென்டரில் தமிழரசி சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடும் தெளிவாகத் தெரிந்தன. யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. விரலில் ஊசி குத்தினாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் கருப்பாயியிடம் திருப்பிக் காட்டினாள். எட்டைத் தாண்டவில்லை.

"சரி. வந்தாச்சு, இனி இதைக் காப்பாத்தற வழியைப் பாக்கணும்" என்றாள் தமிழரசி. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடலாம். இதுவரைக்கும் மாத்திரை வேலை செய்யவே வழியில்லாம இருந்துச்சு, இனி செய்யும். எலுமிச்சைத் தண்ணியோட குடுங்க. அதுலயும் ஏறலைன்னா, மாசம் கொஞ்சம் ஆனதும் ஊசி வழியா ஏத்துவாங்க. பயப்பட வேணாம்னு சொல்ல மாட்டேன் ஷோபா. ஆனா இந்தத் தடவை முதல் நாள்லயே வந்துட்ட. போன தடவை அஞ்சாம் மாசத்துலதான வந்த?"

ஷோபா தலையாட்டினாள். "தாங்குமா சிஸ்டர்?"

தமிழரசி மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினாள். பழக்கத்தில் கருப்பாயியின் கைதான் முதலில் நீண்டது. பாதியில் நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டு, மருமகள் பக்கம் முகத்தைக் காட்டினாள். "அவகிட்டயே குடு."

ஷோபா வாங்கிக்கொண்டாள். தங்கம் மகளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனாள். கருப்பாயி மட்டும் வாசற்படியில் நின்றாள். செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி உள்ளே வந்தாள்.

"சிஸ்டரு, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

"முனியாண்டி புண்ணியத்துல இது நல்லபடியாப் பொறந்தாலும் சரி..." அடுத்ததை அவள் வாய் சொல்லவில்லை. "எப்படி ஆனாலும் சரி. அதுக்கப்புறம் இவ ஒடம்பு தேறுறதுக்குள்ள அடுத்தது வந்திரக் கூடாது. அதுக்கு என்ன வழியோ, இப்பவே அவளுக்குச் சொல்லிக் குடுத்திரு. என் மகனையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லு."

"சொல்றேன்மா."

"இன்னொண்ணு. நான் மறுபடி வந்து புள்ள புள்ளன்னு நிப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும். சோத்துல ஒரு வார்த்தையப் போட்டுத்தான் குடுப்பேன். அப்ப நான் சொல்றத அவ கேக்கக் கூடாதுன்னும் சொல்லி வையி."